அர்ச்சனைச் சொற்களும் நம் மக்களும்

தஞ்சைப் பெரிய கோயிலில் அர்ச்சனை கேட்போர் செவியில் 'பிருகதீஸ்வராய நம' என்னும் தொடர் விழும். 'பிருகத்' என்பது பெரிய. 'ஈஸ்வரன்' என்பது ஆள்பவன், உடையவன். 'ஆய' என்னும் இறுதி, தமிழில் 'கு' என்னும் நான்காம் வேற்றுமை உருபின் பணியைச் செய்கிறது. 'நம' என்பது வணக்கம். வளைதல், குனிதல் எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்த சொல். ஆகவே தொடரின் பொருள் 'பெருவுடையார்க்கு வணக்கம்' என்பதேயாம். அம்மன் பிருகந்நாயகியும் நம் பெரியநாயகியே. நூற்றெட்டுப் பெயராயினும் ஆயிரம் பெயராயினும் அமைப்பு இதுவே: ஒரு பெயர், ஓர் உருபு, ஒரு வணக்கம். இத்துணை எளிய பொருள் நம் முன்னோர்க்கு எட்டாமற் போனது அறிவுக் குறையால் அன்று. கேட்கும் தொலைவில் அவர்கள் நிறுத்தப்படவில்லை.

முதலாம் இராசராசன் 1010-இல் நிறைவு செய்த இக்கோயிலின் கல்வெட்டுகளை நாம் ஊன்றிப் படித்தல் வேண்டும். திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்திற்கு ஒருவர் என 50 பேரை மன்னன் அமர்த்தினான்; ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளந்தான். தமிழ் அன்றே சன்னிதியில் ஒலித்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? ஆனால் அதே கோயிலின் கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் இறை நீக்கிய நிலங்களை எண்ணுமிடத்தில், குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் குறிக்கின்றன. அம்முக்குறுணி நெல்லை விளைவித்த கைகளுள் அச்சேரியார் கைகளும் இருந்திருக்கும் என எண்ணுதல் மிகையாகாது.

அக்கோயில் வாயில் நம்மவர்க்குத் திறந்தது 1939-இல். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-இல். மொழி பற்றிய வழக்கு பின்னும் நீண்டது. 2020 பிப்ரவரி 5-இல் நடந்த குடமுழுக்கைத் தமிழ், வடமொழி இரண்டிலும் நடத்தலாம் என உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சனவரி 31-இல் தீர்ப்பளித்தது.

உள்ளே சென்ற பின்னும் ஒரு சொல் நம்மவரைத் தடுத்து நிறுத்துவதுண்டு. அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் சங்கற்பம் தொடங்கும். அதில் வரும் 'க்ஷேமம்' நலம், 'ஸ்தைர்யம்' உறுதி, 'வீர்யம்' ஆற்றல், 'ஆரோக்கியம்' நோயின்மை, 'ஐஸ்வர்யம்' செல்வம். 'சககுடும்பம்' என்றால் குடும்பத்தாரோடு. எல்லாம் நமக்காகக் கேட்கப்படுவனவே. நம் தாய்மார் குலதெய்வத்தின் முன் சூடம் ஏற்றிக் கேட்பனவும் இவையே. ஆயின் அதற்கு முன் பெயர், நட்சத்திரம், கோத்திரம் மூன்றும் கேட்பர். முதலிரண்டையும் சொல்லிவிட்டு மூன்றாவதில் நம்மவர் பலர் வாய்மூடி நிற்பர். 'சிவ கோத்திரம்' என்று அர்ச்சகரே சேர்த்துக்கொள்வதும் உண்டு.

'கோ' என்பது பசு. 'த்ர' என்பது காப்பது. கோத்திரம் என்னும் சொல்லுக்குப் பழம்பொருள் மாட்டுத் தொழுவம். குலம் என்னும் பொருள் பின்னர் வந்தது. காவிரிக் கரைப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகத் தொழுவம் கூட்டி, மாடு மேய்த்து, இரவில் வைக்கோற்போர் அருகே காவல் கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடந்தான் அக்கேள்வி கேட்கப்படுகிறது.