டிரெஸர் கூப்பிட்ட காலம்

ஊசி போடும் நாளை எங்கள் ரப்பர் தோட்டத்தில் யாரும் மறந்ததில்லை, மறக்க விடமாட்டார்கள். விடிவதற்கு முன்பே ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டு. கணக்கெழுதும் கிராணி, பெயர்ப் பதிவேடான செக்ரோலைப் பிரித்துப் பெயர் கூப்பிட்டு, பால் எடுக்க மரம் வெட்டுகிறவர்களை ஒரு பக்கமும் வெளிக்காட்டு ஆட்களை ஒரு பக்கமும் அனுப்புவார். அதே மூச்சில், இன்னார் பிள்ளையை இன்றைக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெஸரிடம் காட்ட வேண்டும் என்ற உத்தரவும் வரும். ஊசிக்குப் பயந்து ஒளிந்த பிள்ளையைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்துவர மேற்பார்வையாளரான தண்டல் நாங்கள் குடியிருந்த லயத்துக்கே வந்துவிடுவார். என் தோளில் இருக்கும் பி.சி.ஜி. தழும்பு அந்தக் காலத்தது. காசநோய்க்கு எதிரான தேசியத் திட்டம் 1961-இல் தொடங்கியது. நான் அதற்குச் சற்றுப் பிந்திப் பிறந்தவள்.

இதில் பாசம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆள் காய்ச்சலில் படுத்தால் மரம் சும்மா நிற்கும், துரைக்கு நட்டம். தோட்டத்துக்கு ஆஸ்பத்திரி வசதி வேண்டும் என்று தொழிலாளர் சட்டமும் சொன்னது. என் தாத்தா தலைமுறைக்கு ஊசி கப்பல் ஏறுவதற்கு முன்பே ஆரம்பம். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாமில் வைத்து அம்மை குத்தித்தான் அனுப்பினார்கள். இந்தப் பக்கம் மலாயாவில் இறங்கியதும் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ தனிமை முகாம். 1938-இல் இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை இதுதான் நடைமுறை. 'உனக்குச் சம்மதமா' என்று கேட்ட வழக்கமே இல்லை.

சளிக்காய்ச்சல் (இன்ஃபுளுவென்சா) விஷயத்தில் மட்டும் அந்த ஏற்பாடு கையாலாகாமல் நின்றது. 1918 அக்டோபரில் அது மலாயாவைப் புரட்டியெடுத்தபோது கூப்பிட டிரெஸர் இருந்தார், பெயர் எழுதிய செக்ரோல் இருந்தது, போட ஊசிதான் இல்லை. குறைந்தது 34 ஆயிரம் பேர் இறந்ததாக வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். மலேரியாவும் கொக்கிப்புழுவும் ஏற்கெனவே உறிஞ்சிவிட்ட உடம்புகள், ஒரே அறையில் குடும்பமே படுத்திருந்த லயங்கள். தோட்டத்து இந்தியர்களே அதிகம் அடிபட்டார்கள். அந்தக் கிருமியை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தது 1933-இல். தடுப்பூசி 1940-களில் வந்தது, அதுவும் அமெரிக்கப் படைவீரர்களுக்கு முதலில். 1957-இல் 'ஆசியக் காய்ச்சல்' இங்கே பரவியபோதும் லயத்து ஜனங்களுக்குக் கஞ்சியும் தைலமும்தான்.

இதற்கிடையில் ஊர் மாறியது. செனாவாங்கைச் சுற்றியிருந்த ரப்பர் போய்த் தொழிற்பேட்டை வந்தது. அம்மா மரம் வெட்டினார். நான் மின்னணுத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினேன். தோட்டம் துண்டானதும் ஜனங்கள் தாமான் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். பெரட்டு போனது, டிரெஸர் போனார். யாருக்கு என்ன ஊசி பாக்கி என்று பெயர் சொல்லித் தெரிந்த ஆள் ஒருவரும் மிஞ்சவில்லை. தோட்டம் அழிந்த கதையை எழுதுகிறவர்கள் வீட்டையும் கோயிலையும் பள்ளியையும் எழுதுகிறார்கள். ஊசிக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போனதை எழுதி நான் பார்த்ததில்லை.

பிறகு வந்தது நிப்பா நோய். எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஊசி மேல் விழுந்த சந்தேகத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், சில மாதங்களில் போர்ட்டிக்சன் மாவட்டத்து புக்கிட் பெலாண்டோக்குக்கும் சுங்கை நிப்பாவுக்கும் வந்தது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே அதிகாரிகள் முதலில் நினைத்தார்கள். புகை அடித்தார்கள், அந்த நோய்க்கான தடுப்பூசியையும் போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் செத்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் இது புதிய வைரஸ், பன்றியிடமிருந்து வருவது என்று தெரிந்தது. 265 பேருக்கு நோய், 105 சாவு, ஏறத்தாழ பத்து லட்சம் பன்றிகள் அழிப்பு. அந்த ஊசியில் குற்றமில்லை. அது வேறு நோய்க்கானது. ஆனால் எங்கள் மார்க்கெட்டில் நின்ற பேச்சு, "ஊசி போட்டும் செத்தாங்க லா" என்பதுதான். இருபது வருடம் கழித்து கோவிட் ஊசிக்கும் அதையே சொல்லித் தட்டிக்கழித்தவர்களை எனக்குத் தெரியும்.

2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. அரசாங்கம் நாட்டையே பெரட்டுக்கு நிறுத்தியது, கைப்பேசி வழியாக. 'ஆர்எம்0 எம்கேஎன்' என்று தொடங்கும் குறுஞ்செய்தி: காசு கிடையாது, அனுப்புவது தேசியப் பாதுகாப்பு மன்றம் என்று அர்த்தம். மலாய் மொழியில் வந்ததால், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்ற பக்கத்துவீட்டுப் பெரியவர்கள் அதை டெலிபோன் கம்பெனி விளம்பரம் என்று தள்ளிவிட்டார்கள். 2021 பிப்ரவரி 24-இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கியதும் நாளும் நேரமும் மைசெஜாத்ரா செயலியில் வந்தன. எங்கள் வீட்டு வரிசையில் பேரப்பிள்ளை ஒருவனின் கைப்பேசியில் இரண்டு மூன்று கிழவிகளின் நாள் இருந்தது. அவன் தூங்கிவிட்டால் நாள் போச்சு. அப்போதிலிருந்துதான் சுற்றியுள்ள வீடுகளுக்கு நான் செய்தி வாசிப்பவள் ஆனேன்.

கோவிட் ஓய்ந்தாலும் அந்த வேலை ஓயவில்லை, காரணம் சளிக்காய்ச்சல். அம்மைக்குக் குத்தினால் பல வருடம் தாங்கும். சளிக்காய்ச்சல் கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் ஊசியையும் வருடத்துக்கு வருடம் மாற்றுகிறார்கள், நாமும் வருடாவருடம் போட வேண்டும். நமக்குக் குளிர்காலமும் இல்லை. காய்ச்சல் எந்த மாதமும் வரும். 60 வயது தாண்டி, சர்க்கரை, இருதயம் என்று நோயும் உள்ளவர்களுக்கு அரசாங்க கிளினிக்கில் இப்போது இலவசம். முன்பதிவுக்கு அதே மைசெஜாத்ரா.

இப்படி நினைவூட்டும் குறுஞ்செய்தியால் பலன் உண்டா என்று அமெரிக்காவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளின் பெற்றோருக்குச் செய்தி அனுப்பிய ஆய்வு 2012-இல் வெளிவந்தது: செய்தி போன வீடுகளில் 43.6 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சல் ஊசி, போகாத வீடுகளில் 39.9. பிறகு 2020-இல் வால்மார்ட் மருந்துக்கடைகளில் ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பேரிடம் 22 விதமான செய்திகளைச் சோதித்தார்கள். சராசரியாக இரண்டு விழுக்காட்டுப் புள்ளி கூடியது. கொஞ்சம்தான், ஆனால் செய்திக்கு ஆகும் செலவும் சில காசுதானே. வேடிக்கை, சாமர்த்தியம் என்று எழுதிப் பார்த்த எல்லாவற்றையும் முந்தியது, 'உங்களுக்கான ஊசி காத்திருக்கிறது' என்ற சாதாரணச் செய்திதான். எங்கள் டிரெஸருக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும்.

இங்கே இன்னொரு சிக்கல். மோசடிக்காரர்களும் குறுஞ்செய்தியில்தான் வருகிறார்கள். 2023 மே முதல் இணைப்பு வைத்த குறுஞ்செய்திகளைத் தொலைத்தொடர்பு ஆணையம் படிப்படியாகத் தடுக்க வைத்தது. நல்லதுதான். ஆனால் முகம் தெரியாத எண்ணிலிருந்து வரும் எதையும் எங்கள் பெரியவர்கள் இப்போது திறப்பதே இல்லை.

ஆகவே நான் வாட்ஸ்அப்பில் தமிழில், பெயர் போட்டு எழுதுகிறேன்: "அக்கா, செனாவாங் கிளினிக்கில் உங்கள் பெயருக்கு ஊசி இருக்கிறது. புதன் காலை. சர்க்கரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்." அன்றிரவே முதல் அக்காவிடமிருந்து குரல்பதிவு வந்தது: "போறேன்மா. தோட்டத்துல லாரி வரும். இங்க யாரு ஏத்திக்கிட்டுப் போவா?" செய்தியால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. என் மகனின் காரில் நான்கு பேர் உட்காரலாம். புதன்கிழமைக்கு ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.