கப்பலில் வந்த திராட்சை இரசம்

மறைக்கல்வி வகுப்பில் சிறுவன் ஒருவன் என்னை மடக்கினான். “ஃபாதர், ஏசு நம்ம ஊர்ல பிறந்திருந்தா அக்கானியத்தானே கையில எடுத்திருப்பாரு?” வகுப்பு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. பனையும் தென்னையும் வாழையும் செழிக்கும் நாஞ்சில் நாட்டில் கொடித் திராட்சை பயிராக வேரூன்றவில்லை. ஆயினும் நாள்தோறும் நம் பீடங்களில் அதன் இரசமே ஏந்தப்படுகிறது. சட்டத்தைப் பொறுத்தவரை விடை எளிது. திராட்சைக் கனியிலிருந்து இயல்பாய் உண்டான, கெட்டுப்போகாத இரசமே பலிக்கு உரியது என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு (924). ஆனால் அச்சிறுவன் கேட்டது சட்டத்தையன்று.

தமிழகத்திற்குத் திராட்சை மது கிறிஸ்தவத்தோடுதான் வந்தது என எண்ணுதல் தவறு. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தி மகிழுமாறு வாழ்த்துகிறார் நக்கீரர் (புறநானூறு 56). 1945-இல் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடற்பகுதியின் இரு கைப்பிடி மதுச்சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. கடற்காற்று தவழும் இத்தாலியச் சரிவுகளிலும் ஈஜியன் தீவுகளிலும் விளைந்த கனிகளின் சாறு அவற்றில் வந்தது. குமரித் துறையைக் குறிப்பிடும் பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூலும், மிளகு ஏற்ற வந்த கலங்கள் முசிறியில் சிறிதளவு மது இறக்கியதைச் சொல்கிறது. அன்று அது மன்னர்க்கும் வணிகர்க்கும் உரிய இன்பப் பொருள், அவ்வளவே.

பீடத்தின் தேவையோ வேறு. 1501-இல் போர்த்துக்கீசியக் கப்பலேறி லிஸ்பன் சென்ற கொடுங்கல்லூர்க் குருவானவர் யோசேப்பு, தம் நாட்டில் திராட்சை மது இன்மையால் உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைப் பலிக்குப் பயன்படுத்துவதாக அங்கே எடுத்துரைத்தார். எத்தனை ஏழ்மை, எத்தனை பற்றுறுதி! ஒரு கைப்பிடி உலர்கனியும் ஒரு கலயம் நீரும் கொண்டு அவர்கள் ஆண்டவரின் கட்டளையைக் காத்தனர். நிறத்தாலும் சுவையாலும் மெய்யான மது என்று அறியப்படுமாயின் அத்தகைய இரசம் தகும் எனப் பிற்காலத்தில் உரோமையும் ஒப்பியது. 1599-இல் கூடிய உதயம்பேரூர்ச் சங்கமோ ஆண்டுதோறும் மது அனுப்பியருளுமாறு போர்த்துக்கல் மன்னரை வேண்டியது. அச்சங்கத்தின் பிற செயல்களைப் பற்றி எனக்குக் கசப்பான எண்ணங்கள் உண்டு; அது தனிக் கதை.

1544-இல் புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்த நாள்களிலும் கடல்வழியே இரசத்திற்கு வழி. வெப்பக் கடலில் மாதக்கணக்கில் அசையும் பீப்பாயில் மது எளிதில் புளித்துக் காடியாகிவிடும். காடி பலிக்கு ஆகாது. இதனாலேயே திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தைச் சிறிது சேர்த்துக் காக்கும் வழக்கம் வரம்போடு அனுமதிக்கப்பட்டது.

நம் கடற்கரையில் கொடி ஏன் தழைக்கவில்லை? போர்த்துக்கல் போன்ற குளிர்ந்த கடலோரங்களில் மூடுபனியும் குளிர்ந்த இரவுகளும் கனியை மெல்லப் பழுக்க வைக்கின்றன. புளிப்பும் கனிமணமும் குன்றாமல் நிற்கின்றன. மார்கழியில் இலையுதிர்த்துக் கொடி உறங்குகிறது. நம்மிடம் அந்த உறக்கமில்லை. கவாத்துக் கத்தியே கொடிக்குக் குளிர்காலம். அக்கத்தியின் துணையால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை பருவம் தவறாது காய்க்கிறது. 1832-இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் அக்கொடியைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்பர். பீடத்தை நினைத்தே கொணர்ந்திருப்பார் என்பது என் ஊகம். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிட்டியது. அந்நியக் கொடி இன்று கம்பத்தின் பெயரையே சூடிக்கொண்டது!

சொற்களின் விளையாட்டும் உண்டு. முந்திரிகை என்றால் பழந்தமிழில் திராட்சை; மலையாளத்தில் இன்றும் முந்திரி அதுவே. போர்த்துக்கீசியர் கொணர்ந்த மற்றொரு மரம் தமிழில் அப்பெயரைப் பறித்துக்கொண்டது. அதன் கொட்டையை உடைக்கத்தான் நம் பெண்கள் அண்டி ஆபீசுக்குச் செல்கின்றனர்.

அடுத்த ஞாயிறு அச்சிறுவனிடம் இவ்வளவும் சொன்னேன். பனை தாழ்ந்ததென்று அது விலக்கப்படவில்லை. ஆண்டவர் அன்றிரவு கையிலெடுத்த கனியையே நாமும் எடுக்கிறோம், அவரை வேறொருவராக ஆக்கிவிடாதிருக்க, என்றேன். அவன் சற்று யோசித்து, “அப்ப அந்தக் கம்பத்துக் கொடிய நம்ம கோயில் முற்றத்துல வைக்கலாமா?” என்றான். கடற்காற்றின் உப்பு கொடிக்கு ஆகுமா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.