கூவம் கரையும் பறக்கும் ரயிலும்

சென்னை டிராம் 1895-இல் ஓடத் தொடங்கி 1953-இல் நின்றது. அதுவரை இருந்த தெருக்களிலேயே தண்டவாளம் போட்டு ஓடியது. பின்னாளில் வந்த இரண்டு பெரிய திட்டங்கள் தெருவை விட்டு நீர்வழிகளைத் தேடிப் போயின. வேளச்சேரி பறக்கும் ரயில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி, பல இடங்களில் கால்வாய்க்குள்ளேயே தூண் ஊன்றி எழுந்தது. துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்குக் கூவம் கரை குறிக்கப்பட்டது. இரண்டும் தலா ஏறத்தாழ 19 கிலோமீட்டர். நிலத்துக்குச் செலவு குறைவு என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். கரையில் குடியிருந்தவர்களிடம் பட்டா இல்லாததால்தான் செலவு குறைந்தது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர் நீட்டிப்பு, ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டர் நிலத்துக்கான வழக்கால் பத்தாண்டுக்கு மேல் தேங்கியது. அங்கே வீட்டுக்காரர்கள் கையில் பத்திரம் இருந்தது. கூவம் கரைவாசிகளுக்கு அரசுக் கோப்பில் இருந்த பெயர் 'ஆட்சேபகரமான புறம்போக்கு'.

அப்படியானால் ரயிலும் சாலையும் ஒன்றுதானா? கால்வாயைக் கெடுத்ததிலும் குடிசைகளைப் பெயர்த்ததிலும் பறக்கும் ரயிலுக்குப் பங்கு உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஆனால் 1995-இல் சேப்பாக்கம் வரையும் 2007-இல் வேளச்சேரி வரையும் வந்த அந்த ரயிலில், சிந்தாதிரிப்பேட்டையில் மீன் வாங்கும் பெண் கூடையோடு ஏறித் திருவான்மியூரில் இறங்கலாம். நிலையங்கள் இருண்டு கிடந்தாலும் வாசல் அவளுக்குத் திறந்திருக்கிறது. துறைமுகச் சாலையோ கன்டெய்னர் லாரிகளுக்காகத் திட்டமிடப்பட்டது. 2009-இல் அடிக்கல் நட்டார்கள். தூண்கள் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று 2012-இல் பணி நின்றது. கம்பி நீட்டிய தூண்கள் ஆற்றோடு ஆண்டுக்கணக்கில் நின்றன. அதற்குள் பெயர்க்கப்பட்ட குடும்பங்களைத் திரும்ப அழைக்க யாரும் வரவில்லை.

துறைமுகத்துக்கு வழி வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும், பகலில் நகரத்துக்குள் லாரி நுழைய முடியாத துறைமுகம் திணறத்தான் செய்யும். ஆனால் 2022-இல் மறுபடி அடிக்கல் நடப்பட்டபோது திட்டம் ஈரடுக்காகியிருந்தது: மேலே துறைமுக லாரி, கீழே நகர வாகனங்கள். லாரிக்கென்று கேட்ட இடத்தில் காருக்கும் ஒரு தளம் சேர்ந்துகொண்டது. துறைமுகத்துக்குள் ஏற்கெனவே தண்டவாளம் இருக்கிறது. சரக்கை அதிகமாக அதில் ஏற்றுவதைப் பற்றி இதே வேகத்தில் யோசித்திருக்கலாம்.

வெள்ளத்தில் மூழ்கும் கரையில் மக்களை விட்டுவைப்பது மட்டும் நியாயமா என்பது இன்னும் கனமான கேள்வி. கரையை விட்டு அவர்கள் நகர வேண்டியிருந்தது உண்மையே. ஆனால் அவர்களுக்கு மாற்றுக் குடியிருப்பாகக் கிடைத்த கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பின் பக்கம். அங்கும் மழைக்குத் தண்ணீர் நிற்கிறது. பழைய பிழைப்பிடம் 20 கிலோமீட்டர் தள்ளிப் போனது. நகரத்துக்குள் வீட்டு வேலை செய்தவர்களில் பலருக்கு பஸ் நேரமும் கட்டணமும் சம்பளத்தைத் தின்றதால் வேலையே போனது. ரயிலுக்காகவோ சாலைக்காகவோ இடம் கொடுத்தவர்களை, ரயில் எட்டாத இடத்தில் குடிவைத்ததுதான் இந்த வரலாற்றின் பெரிய அநீதி. இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் மாதவரம்–சிப்காட் மெட்ரோ எழுகிறது. அது ஓடும் முதல் நாளிலிருந்தே இந்தக் குடியிருப்புகளின் வாசலிலிருந்து நிலையத்துக்கு, விடியற்காலை வேலைக்குப் போகிறவர்களின் நேரத்துக்கு, மினி பஸ் ஓட வேண்டும். ஈரடுக்குச் சாலைக்குப் பணம் தேட முடிந்த அரசுகளுக்கு இது பெரிய செலவல்ல.