தீர்வை நாளும் திருக்காட்சியும்: அவிஞ்ஞோன் விவாதம் (1331–1336)

கிறித்தவத்தின் தொன்மையான விசுவாசப் பிரமாணங்கள், மரித்தோரின் உயிர்த்தெழுதலையும், வாழ்வோருக்கும் மரித்தோருக்கும் தீர்ப்பளிக்கக் கிறிஸ்து மீண்டும் வருவார் என்பதையும் ஐயத்துக்கிடமின்றி அறிக்கையிடுகின்றன. ஆயின், மரணத்துக்கும் இறுதித் தீர்வைக்கும் இடையில் ஆன்மாவின் நிலை யாது என்னும் வினாவுக்கு அவை நேரடியாக விடை கூறுவதில்லை. தூய ஆன்மாக்கள் தாமதமின்றி மோட்சத்தில் ஏற்றுக்கொள்ளப்படும் என்ற கருத்து 1274இல் லியோன் திருச்சங்கத்திலேயே இடம்பெற்றுவிட்டது. எனினும், அவ்வான்மாக்கள் அங்கு இறைவனை முகமுகமாய்க் காண்கின்றனவா என்பது தீர்க்கப்படாதிருந்தது.

அக்காலத்தில் பாப்பரசர் பிரெஞ்சு எல்லையை அடுத்த அவிஞ்ஞோன் நகரில் வீற்றிருந்தார். 1331 நவம்பர் 1ஆந் திகதி, சகல புனிதர் திருநாளன்று, 22ஆம் அருளப்பர் ஆற்றிய பிரசங்கமே விவாதத்தைத் தொடக்கியது. நீதிமான்களின் ஆன்மாக்கள் உடல் உயிர்த்தெழும்வரை கிறிஸ்துவின் மனிதத் தன்மையைக் கண்டு ஆறுதலடையும். இறைவனின் சாராம்சத்தைக் காணும் பேறு பொதுத்தீர்வையின் பின்னரே கிட்டும் என்பது அவர் கருத்து. 1332 ஜனவரியில் அவர் மேலுமொரு படி சென்று, தீயோரும் அந்நாள்வரை நரகத்தை அடைவதில்லை என்றார்.

இக்கருத்து அடிப்படையற்றதன்று. மனிதன் என்பவன் ஆன்மா மட்டுமல்லன். உடலும் ஆன்மாவும் கூடியவனே மனிதன். ஆகவே நிறைவான பலனும் முழு மனிதனுக்கே உரியது என்பது அதன் உட்கிடை. 12ஆம் நூற்றாண்டின் புனித பேர்னாட்டின் பிரசங்கங்களிலும் இதற்கு ஆதாரம் இருந்தது. ஆயினும், புனிதர்கள் இறைவனின் சந்நிதியில் நின்று பரிந்துபேசுகின்றனர் என நம்பிய மக்களின் வழிபாட்டு வாழ்வை இது நேரடியாகத் தாக்கியது.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்தும் எழுந்தது. 1333 ஜனவரியில் அவிஞ்ஞோனிலேயே இதனைக் கண்டித்துப் பிரசங்கித்த டொமினிக்கன் துறவி தோமஸ் வேலிஸ் சிறையிடப்பட்டார். பாப்பரசருடன் முரண்பட்டுப் பவேரிய மன்னன் லூயியிடம் புகலடைந்திருந்த ஒக்காம் வில்லியம் முதலியோர் அவரைப் பேதகர் எனச் சாடினர். 1333 டிசம்பரில் பிரெஞ்சு மன்னன் ஆறாம் பிலிப் கூட்டிய பாரிஸ் பல்கலைக்கழக இறையியலாளரும் பாப்பரசரின் கருத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்தனர். சமயக் கோட்பாட்டு விவாதத்தில் அரசியற் பகைமையும் கலந்திருந்தமை இங்கு நோக்கத்தக்கது.

தாம் எதனையும் இறுதியாக வரையறுக்கவில்லை எனக் கூறிவந்த அருளப்பர், 1334 டிசம்பர் 3ஆந் திகதி மரணப்படுக்கையில் கர்தினால்மார் முன்னிலையில் தம் கருத்தைக் கைவிட்டு, மறுநாள் மறைந்தார். அவர் பின்வந்த 12ஆம் பெனடிக்ற் 1336 ஜனவரி 29இல் வெளியிட்ட சாசனம் விவாதத்தை முடித்தது. தூய்மையடைந்த ஆன்மாக்கள் உயிர்த்தெழுதலுக்கு முன்னரே இறைவனை முகமுகமாய்க் காண்கின்றன. சாவான பாவத்துடன் இறப்போர் உடனே நரகம் சேர்கின்றனர். எனினும் இறுதி நாளில் அனைவரும் உடலோடு கிறிஸ்துவின் நியாயாசனத்தின் முன் தோன்றுவர் என அது வரையறுத்தது.

இத்தீர்வு ஒரு வினாவை அடைத்து மற்றொன்றைக் கூர்மையாக்கியது. மரணத்தின்போதே முடிவு உறுதியாகிவிடின், இறுதித் தீர்வை எதற்கு? தனிமனிதனின் கதி மரணத்தில் நிச்சயமாகிறது. மனிதகுல வரலாறு முழுவதன் நீதியும் இறுதி நாளிலேயே வெளிப்படுகிறது என்பதே கத்தோலிக்க மரபு தரும் விளக்கம். மேலும், பாப்பரசரின் வழுவாவரம் 1870இல் வரையறுக்கப்பட்ட வேளையில் அதனை எதிர்த்தோர் அருளப்பரின் பிரசங்கங்களைச் சான்றாகக் காட்டினர். தலைமைப்பீடத்தில் அமர்ந்தோரின் தனிப்பட்ட கருத்தும் அறிஞரின் பரிசோதனைக்கு உட்பட்டதே என்பதற்கு இவ்விவாதம் இடைக்கால வரலாறு தரும் சிறந்த எடுத்துக்காட்டாகும்.