தூனிஸியாவில் ஓய்ந்த குரல்

அரபு மொழியில் ‘ஸவ்த்’ என்றால் குரல். தேர்தலில் அளிக்கும் வாக்கையும் அரபு மக்கள் அச்சொல்லாலேயே குறிப்பர். நம் தமிழிலும் ‘வாக்கு’ என்பது பேச்சுத்தானே! அக்குரல் ஓங்கி ஒலித்து, 11 ஆண்டுகளில் தணிந்துபோன நாடு தூனிஸியா.

ஸீதி பூஸீத் நகரில் தெருவில் பழம் விற்றுவந்த முஹம்மத் பூஅஸீஸி, தம் சரக்கை அதிகாரிகள் பறித்ததால் மனம் நொந்து 2010 டிசம்பர் 17 அன்று தமக்குத் தாமே தீ வைத்துக்கொண்டார். மறுமாதம் 14ஆம் நாள், 23 ஆண்டுகள் ஆண்ட ஸைனுல் ஆபிதீன் பின் அலீ நாட்டை விட்டோடினார். 2011 அக்டோபர் 23 இல் நடைபெற்ற அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்று வாக்களித்தனர்.

2014 பாராளுமன்றத் தேர்தலிலும் பதிவு பெற்றோரில் 100க்கு ஏறத்தாழ 68 பேர் வந்தனர். நஹ்ளா கட்சியைத் தடுப்பதற்கென்றே நிதா தூனிஸ் கட்சி வாக்குக் கேட்டது. மொத்தம் 217 இடங்களில் அது 86ஐயும் நஹ்ளா 69ஐயும் பெற்றன. 2015 இல் இரண்டும் ஒரே அரசில் அமர்ந்தன! நாட்டின் அமைதிக்கு அது உதவியிருக்கலாம். யான் அதனை முழுவதும் குறைகூறேன். ஆயினும் ஒன்றைத் தடுக்க மற்றொன்றுக்கு அளித்த வாக்கு என்னவாயிற்று என்று மக்கள் கேட்டனர். உட்பகுதி ஊர்களில் வேலையின்மையும் தீர்ந்தபாடில்லை.

நம்பிக்கை இழந்தோர் உடனே வீட்டில் முடங்கிவிடவில்லை. முதலில் வேறு ஆளைத் தேடினர். 2018 உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாளர் இவ்விரு கட்சிகளையும் முந்தினர். 2019 அக்டோபரில், கட்சியே இல்லாத சட்டப் பேராசிரியர் கைஸ் ஸயீத், 100க்கு ஏறத்தாழ 73 வாக்குகள் பெற்று அதிபரானார். அதே மாதம் நடந்த பாராளுமன்றத் தேர்தலுக்கு வந்தோரோ 100க்கு 42ஐ எட்டவில்லை.

2021 ஜூலை 25 இல் அவர் பாராளுமன்றத்தை முடக்கியபோது தெருக்களில் மகிழ்ந்தோர் பலர். 2022 டிசம்பர் 17 அன்று அவர் நடத்திய பாராளுமன்றத் தேர்தலுக்கு 100க்கு 11 பேரே வந்தனர். பூஅஸீஸி தீ வைத்துக்கொண்ட அதே தேதி! முக்கியக் கட்சிகளின் புறக்கணிப்பும் ஒரு காரணமே. எனினும் கட்சிகளின் சொல்லுக்கு அத்துணை செல்வாக்கு இருந்திருப்பின், கட்சியற்ற ஒருவர் அதிபராகியிருப்பாரா? மக்களின் சோம்பல் என்பாரும் உளர். 2011 இல் வெயிலில் காத்து நின்றவர்களும் இதே மக்கள்தாம்.

2024 அக்டோபர் 6 இல் ஸயீத் மீண்டும் வென்றார். எதிர்த்து நின்ற இருவரில் ஒருவர் அப்போது சிறையில் இருந்தார். பதிவான வாக்குகளில் 100க்கு 90க்கு மேல் அவருக்கே கிடைத்தன. வாக்களிக்க வந்தோர் 100க்கு 29க்கும் குறைவு.