ஈயப் பாளங்கள் சொல்லும் சரித்திரம்

சமுத்திரத்தின் ஓசை எட்டாத ஊர் வாலிகண்டபுரம். வாலீசுவரர் கோயிலைத் தரிசித்துவிட்டு ரஞ்சன்குடிக் கோட்டையையும் காணச் செல்வோருக்கு, கிழக்கே சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பால் பூம்புகார்க் கடலடியில் சிதைந்து கிடக்கும் ஒரு கப்பலுக்கும் இவ்வூருக்கும் யாதொரு சம்பந்தமும் இருப்பதாகத் தோன்றாது. ஆயினும், 1751ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாப் பதவிக்காக முகம்மது அலியும் சந்தா சாகிபும் போட்டியிட்டபோது, முன்னவருக்கு ஆங்கிலேயரும் பின்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணைநின்று இவ்வூரருகே மோத, ஆங்கிலப் படை திருச்சிராப்பள்ளியை நோக்கிப் பின்வாங்க நேர்ந்த அந்த யுத்தத்தை நினைவில் கொண்டு, அங்கே பாய்ந்த குண்டுகளின் உலோகம் எவ்வழியாக இந்நாட்டை அடைந்திருக்கும் என்று சிந்திப்பவருக்கு அக்கப்பலின் சரித்திரம் அந்நியமாக இராது.

அக்காலத்துத் துப்பாக்கிக் குண்டுகள் ஈயத்தை உருக்கி வார்த்தவை. ஆங்கிலக் கம்பெனி இந்தியாவுக்கு ஏற்றி அனுப்பிய சரக்குகளில் ஈயமும் ஒன்று. மிகக் கனமானதாகையால், அடித்தளத்தில் அடுக்கிய ஈயப் பாளங்கள் நெடும் பிரயாணத்தில் கப்பல் சாய்ந்துவிடாதபடி காக்கும் பாரமாகவும் உதவின. கரையேறிய பின்னரோ குண்டாகவும், கூரைத் தகடாகவும், தேயிலைப் பெட்டியின் உட்தகடாகவும் உருமாறின.

கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பழைய காவிரிப்பூம்பட்டினத்தின் சுவடுகளைத் தேடி 1980களிலிருந்து மூழ்கி ஆராய்ந்த அக்கடலில்தான், சுமார் 19 மீட்டர் ஆழத்தில் இக்கப்பலும் ஆராயப்பட்டது. அங்கே கிடைத்த ஈயப் பாளங்களில் டபிள்யூ. பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. பிளாக்கெட் என்போர் வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்களுக்கு உடையவராயிருந்த குடும்பத்தார். ஆகவே சரக்கு எந்த நாட்டது என்பது விளங்குவதோடு, அக்கப்பல் 1792க்கு முன் புறப்பட்டிருக்க இயலாது என்பதும் உறுதியாகிறது. திப்பு சுல்தானோடு நிகழ்ந்த மூன்றாம் மைசூர் யுத்தம் முடிவுற்ற ஆண்டும் அதுவே. ஏட்டில் எழுதியதை மாற்றி எழுதலாம். உலோகத்தில் வார்த்த ஆண்டோ கல்வெட்டைப் போல் நிலைத்து நிற்கிறது.

மரமும் ஈயத்தைப் போல் எஞ்சியிருக்கக் கூடாதா என்று மனம் ஏங்குகிறது. ஸ்வீடன் தேசத்தில் 1628இல் மூழ்கிய வாசா என்னும் போர்க்கப்பலை 1961இல் ஏறக்குறைய முழு உருவத்தோடு மேலே கொணர்ந்தார்கள். உப்புக் குறைந்த பால்டிக் கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பற்புழு வாழ்வதில்லை. நம்முடைய வெதுவெதுப்பான உப்புக்கடலிலோ அப்புழு செழித்து வளருகிறது. மணலில் புதைந்த பகுதியன்றி மற்ற மரமெல்லாம் அதற்கு இரையாகிவிடும்.

ஆழம் சொற்பந்தானே என்று எண்ணுதல் தவறு. மன்னார்க் கடலில் கல்லைப் பற்றிக்கொண்டு இறங்கி மூச்சடக்கி முத்துக்குளித்தவர்களுக்கு இத்தகைய ஆழம் புதிதன்று. ஆனால் ஒரு மூச்சுக்குள் சிப்பியைப் பொறுக்கி எடுக்கலாமேயன்றி, கப்பலை அளந்து படம் வரைய இயலாது. 1943இல் கூஸ்தோ, காஞ்ஞான் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய, முதுகில் சுமக்கும் காற்றுக்கலத்தோடு கூடிய சுவாசக் கருவியே அதைச் சாத்தியமாக்கியது. 19 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்காதலால், கலத்திலுள்ள காற்றும் அதே விகிதத்தில் விரைவாகச் செலவாகிறது. கிடைத்த சில நிமிஷங்களுக்குள், காவிரி கொணரும் வண்டல் கலங்கிய நீரில் கயிற்றை நீட்டி அளவெடுக்க வேண்டும்.

இந்த அளவுதான் அனைத்திலும் முக்கியம். எங்கே, எந்தப் பொருளுக்கு அருகே, எவ்வாறு கிடந்தது என்பது பதிவாகாமல் பெயர்த்தெடுத்த பாளம், எடைக்கு விலைபோகும் ஈயமேயன்றி சரித்திரச் சான்றாகாது. 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய இத்தகைய பொருள்களைத் தொல்பொருள்களாகக் கருதுகிறது 1972ஆம் ஆண்டுச் சட்டம். ஆகையால், வலைவீசும் மீனவரும் பொழுதுபோக்காக மூழ்க வருவோரும் இப்படிப்பட்ட எதையேனும் கண்டால், அதைத் தொடாமல், இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு, உடனே தொல்லியல் துறையாருக்குத் தெரிவிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.