வரிசையில் பிறந்த கௌரவம்

மார்த்தாண்டம் போன்ற தெற்கத்திச் சந்தை ஊர்களில் ஒரு காலத்தில் காருக்குப் 'பிளஷர்' என்று பெயர். பஸ்ஸும் லாரியும் உழைப்பதற்கு, பிளஷர் சுகத்துக்கு. அந்தச் சுகத்தின் உச்சியில் நெடுங்காலம் வீற்றிருந்தது பியட். வாசலில் ஒரு பியட் நின்றால் போதும், அந்த வீட்டில் சம்பந்தம் பேச வருகிறவர்களின் குரல் தானே தாழ்ந்துவிடும். ஆனால், அதைச் சிருஷ்டித்தவர்களின் நோக்கம் இதுவல்ல.

இத்தாலியில் டூரின் நகரத்துப் பியட் கம்பெனி 1936-ல் 'டோப்போலீனோ' என்ற குட்டிக் காரை வெளியிட்டது. சுண்டெலி என்று அர்த்தம். எஞ்சின் வெறும் 569 ஸி.ஸி.தான். பிரபுக்களின் சொத்தாக இருந்த மோட்டாரைச் சாமானியனின் வாசலுக்குக் கொண்டு வந்த கார் அது. அதை வகுத்த தாந்தே ஜியாகோஸா என்ற இஞ்சினீயரின் மேற்பார்வையிலேயே புதிய 1100 காரும் உருவாகி, 1953-ல் ஜெனீவா கண்காட்சிக்கு வந்தது. பழைய கார்களில் இரும்புச் சட்டத்தின் மேல் கூட்டைத் தூக்கி வைப்பார்கள். இதிலோ கூடே சட்டமுமாயிற்று. பாரம் குறைந்தது, உள்ளே இடம் பெருகிற்று. நான்கு கதவுகள், 1089 ஸி.ஸி. எஞ்சின். நடுத்தரக் குடும்பம் ஒன்று நகரத்துச் சந்துகளில் சிரமமில்லாமல் போய்வர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் பம்பாயில் தொடங்கிய பிரீமியர் கம்பெனி, ஐம்பதுகளில் இந்தக் காரை இங்கே கொண்டு வந்தது. பிறகுதான் வேடிக்கை. அயல்நாட்டுக் கார்களுக்குக் கதவு அடைபட்டிருந்த காலம். வங்காளத்தில் அம்பாஸடர், பம்பாயில் பியட், சென்னையில் ஸ்டாண்டர்ட், வேறு கதியில்லை. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைக்காத பொருளுக்குக் கௌரவம் தானே வந்து சேர்ந்துவிடும் அல்லவா? சாமானியனுக்காகப் பிறந்த கார் சீமானாகிவிட்டது.

1964-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஒரு பியட் வாங்கினார். விலை 12,000 ரூபாய். கையில் இருந்தது 7,000. மீதிக்குப் பாங்கில் கடன் வாங்கினார். 1966 ஜனவரியில் அவர் காலமானபோது கடன் தீரவில்லை. மனைவி லலிதா தம் பென்ஷனிலிருந்து அதைக் கட்டி முடித்தார். அந்தக் காரால் சாஸ்திரிக்கு மதிப்பு கூடியதாக யாரும் சொல்லவில்லை. அவரால்தான் காருக்கு மதிப்பு.

இத்தாலியில் 1969-லேயே 1100-இன் கதை முடிந்தது. இங்கே அது 1974-ல் 'பத்மினி' என்று பெயர் மாற்றிக்கொண்டு 2000 வரை ஓடிற்று. 1983-ல் மாருதி வந்தது. காத்திருந்த வரிசை மெல்லக் கலைந்தது. பியட்டின் பவிசும் போயிற்று. கடைசியில் பம்பாயில் வாடகை வண்டியாக உழைத்து, 2023 அக்டோபரில் அதுவும் ஓய்ந்தது. கார் பெரிதாக மாறவில்லை. பார்த்த கண்கள்தான் மாறின.

நம் பக்கத்துக் கல்யாணப் பேச்சில் இன்றும் கார் வருகிறது, பெயர்தான் வேறு. மாப்பிள்ளைக்கு இன்ன கார் என்று பேரம் பேசுகிறவர்கள், தில்லியில் சாஸ்திரியின் நினைவில்லத்தில் நிற்கும் அந்தப் பழைய பியட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.